கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சுவிட்சர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு முடிவு காத்திருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை வகுப்போடு மலைக்குப் போய், ஒரு வாரம் முகாம் வீட்டில் தங்கி, பனிச்சறுக்குப் பழகிவிட்டு வரும். பள்ளியில் அதற்கு ஸ்கீ லாகர் என்று பெயர். நம் வீடுகளில் வெறும் லாகர். என் பிள்ளைகள் இருவரும் அந்த வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் போன ஆண்டுகளில் என் மனதில் ஓடிய பயங்களும், கோயிலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் மற்றத் தாய்மார் சொல்லக் கேட்ட பயங்களும் இன்னும் நினைவில் இருக்கின்றன. இப்போது அவற்றை ஆறுதலாக எண்ணிப் பார்க்கும்போது, அவை இரண்டு வகையாகப் பிரிவது தெரிகிறது. ஒரு வகைப் பயத்தைக் கேள்வியாக மாற்றலாம். ஆசிரியரிடமோ, சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் கடையிலோ, காப்புறுதி நிறுவனத்திடமோ அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் வரும். பதிலைக்கொண்டு பிள்ளையைப் பாதுகாக்கலாம். மற்ற வகைப் பயத்தை எவரிடமும் கேட்க முடியாது. அது நாம் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. முதல் வகையை ஒன்றுவிடாமல் கேட்டுத் தீர்க்க வேண்டும், இரண்டாவது வகைக்காகப் பிள்ளையை வீட்டில் மறிக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இந்த முகாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. அதன் பிறப்பு வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்துக்கு நிலக்கரி வரத்துச் சுருங்கியது. பள்ளிக் கட்டடங்களைச் சூடாக்க எரிபொருள் போதாமல் குளிர்காலத்தின் நடுவில் பள்ளிகளை மூடினார்கள். அப்படி மூடிய நாட்களில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் வழக்கம் பரவியது. பெப்ரவரியை ஒட்டி இன்றும் விடப்படும் விளையாட்டு விடுமுறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் எல்லா மொழிப் பகுதிகளிலிருந்தும் சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்த பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் தேசிய இளையோர் பனிச்சறுக்கு முகாமும் 1941இல் தொடங்கியதுதான். இப்போது லென்க் கிராமத்தில் நடக்கும் அந்த முகாம், தொடக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. சமஷ்டி அரசு 1972இல் ‘இளையோரும் விளையாட்டும்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் இருந்த ஏற்பாடு படைத்துறைக்கு இளைஞர்களைத் தயார்செய்யும் முன்பயிற்சி. அதில் பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. புதிய திட்டம் இரு பாலாரையும் ஒரே வரிசையில் வைத்தது. ஆகவே இன்று ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கும் ஒரு வங்கி அதிகாரியின் மகனுக்கும் முகாமுக்கான ஒரே கடிதம் வருகிறது என்றால், அது தானாக வந்த நிலையன்று. பஞ்ச காலத்தில் பிறந்து, பிறகு பெண்களுக்கும் திறக்கப்பட்ட ஒரு கதவு அது. அதை நாம் நம் பக்கத்திலிருந்து பூட்டுவதானால் வலுவான காரணம் வேண்டும்.

முதலில் வரும் காரணம் உடம்பு. விழுந்தால் கால் முறியும், முழங்கால் விலகும், தலை அடிபடும். இந்தப் பயம் பொய்யன்று. சுவிஸ் மலைகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல்லாயிரம் பேர் காயப்படுகிறார்கள். அதிகம் அடிபடுவது முழங்கால். ஆனால் முழங்கால் எப்படி அடிபடுகிறது என்று விசாரித்தால் பயத்துக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். சறுக்குக் கட்டை நீளமானது. விழும்போது அது பனியில் மாட்டிக்கொண்டால், உடம்பு ஒரு பக்கம் சுழல, கால் மறுபக்கம் நிற்கும். நடுவில் முழங்கால் முறுக்குப்படும். அதனால்தான் சப்பாத்தைக் கட்டையோடு இணைக்கும் பூட்டு, ஓர் அளவுக்கு மேல் விசை வந்தால் தானே கழன்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அந்த அளவைப் பிள்ளையின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் கடையில் ஒழுங்குபடுத்துவார்கள். இறுக்கமாக வைத்தால் விழும்போது கழலாது. தளர்வாக வைத்தால் ஓடும்போதே கழன்றுவிடும். வாடகைப் படிவத்தில் எடையும் உயரமும் கேட்பது இதற்காகத்தான். பருமனாகவோ மெலிந்தோ இருக்கும் பிள்ளை கூச்சப்பட்டுப் பொய் எடை எழுதக்கூடும். பெற்றோரும் பழைய எடையை நினைவிலிருந்து எழுதக்கூடும். அந்த ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்புவது, போகாதே என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் பிள்ளையின் முழங்காலுக்கு அதிகம் உதவும். யாரோ தந்த பழைய கட்டைகளைக் கடையில் காட்டிச் சரிபார்க்காமல் அப்படியே கொடுத்தனுப்புவதுதான் உண்மையான ஆபத்து.

அடுத்த கேள்வி, யார் பழக்குகிறார்கள் என்பது. ‘இளையோரும் விளையாட்டும்’ திட்டத்தின்கீழ் நடக்கும் முகாமில் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்ற தலைவர்களாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மீள்பயிற்சிக்கும் போக வேண்டும். உங்கள் பள்ளி முகாம் அந்தத் திட்டத்தில் பதிவானதா, ஒரு தலைவருக்கு எத்தனை பிள்ளைகள், ஒருநாளும் சறுக்காத பிள்ளைகளுக்குத் தனிக் குழு இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். ஒழுங்கான முகாமில் புதியவரை முதல் நாளே மலையுச்சிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சமதரையில் கட்டையோடு நடப்பது, விழுவது, எழும்புவது, பிறகு முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து நிற்பது என்றுதான் பாடம் தொடங்கும். ஓடுவதற்கு முன் நிற்கப் பழக்குகிறார்கள். பயந்த பிள்ளை இயல்பாகவே மலைப் பக்கம் பின்னால் சாயும். சாய்ந்தால் கட்டையின் முன்பகுதியில் பாரம் இல்லாமற்போய், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உடம்பைப் பள்ளத்தின் பக்கம் முன்னே கொண்டுவந்தால்தான் கட்டை சொல் கேட்கும். பயம் சொல்வதற்கு எதிரானதைச் செய்தால்தான் பாதுகாப்பு வரும் என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் உடம்பாலேயே அறிந்துகொள்ளும் இடங்கள் மிகச் சில. எந்தப் புத்தகமும் இதைக் கற்பிக்காது.

தலைக்கவசத்தைப் பற்றி இன்று அதிகம் வாதாட வேண்டியதில்லை. இத்தாலி 2005இலேயே பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதைச் சட்டமாக்கியது. சுவிட்சர்லாந்தில் அப்படிச் சட்டம் இல்லாமலே சறுக்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அணிகிறார்கள். பள்ளி முகாம்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அதோடு, சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967இல் வகுத்த பத்து விதிகள் இருக்கின்றன. மேலிருந்து வருபவர் கீழே போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும், தன் திறமைக்கும் பார்வைக்கும் பனியின் நிலைக்கும் ஏற்ற வேகத்தில் போக வேண்டும், ஒடுங்கிய இடத்தில் நிற்கக் கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன. மலையில் விபத்து நடந்து வழக்கு வந்தால் சுவிஸ் நீதிமன்றங்கள் இந்த விதிகளை அளவுகோலாக எடுக்கின்றன. எனவே மலைச்சரிவு ஒழுங்கற்ற வெளி என்று எண்ண வேண்டாம். சாலைக்கு இருப்பதைப் போல அதற்கும் விதி இருக்கிறது. பாதைகளின் கடினத்தை நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் குறித்திருக்கிறார்கள். நீலம் எளியது, கறுப்பு கடினமானது. பிள்ளை போவதற்கு முன் அந்தப் பத்து விதிகளையும் நிறங்களையும் நமக்கு விளக்கிச் சொல்லும்படி கேட்பது நல்லது. சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி ஆயத்தமான பிள்ளை.

பனிச்சரிவில் புதைந்துபோவது இன்னொரு பெரிய பயம். 2016 ஜனவரியில் பிரான்சின் லே தோ ஆல்ப் என்ற இடத்தில், லியோன் நகரப் பள்ளி ஒன்றின் மாணவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நடுங்காத தாய் தகப்பன் இல்லை. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய விபரம் ஒன்று உண்டு. அவர்கள் ஆசிரியரோடு போனது மூடப்பட்டிருந்த ஒரு கறுப்புப் பாதையில். பனிச்சரிவில் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் இறப்பது, திறந்து பராமரிக்கப்படும் பாதைகளுக்கு வெளியில். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்து நிலையை ஐந்து படிகளில் அறிவிக்கிறது; ஆபத்துள்ள பாதைகளை மலைநிர்வாகங்கள் மூடிவிடுகின்றன. ஆகவே இங்கே பயம் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது: குறித்த பாதையை விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போவீர்களா? ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலையும் ஏற்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட்டிப்போனாலும் கயிறு கட்டி மூடிய பாதைக்குள் கால்வைக்கக் கூடாது என்று பிள்ளைக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். ஆசிரியருக்கு ‘மாட்டேன்’ சொல்லும் துணிவு நம் வளர்ப்பில் அதிகம் கொடுக்கப்படுவதில்லை. பெரியவர் சொல்வதைத் தட்டக்கூடாது என்றே பழக்கியிருக்கிறோம். லாகருக்கு அனுப்பும் முன் அந்தத் துணிவையும் சேர்த்துக் கொடுத்தால், அது மலையைத் தாண்டி வாழ்நாள் முழுவதும் பிள்ளைக்குப் பயன்படும்.

பயணத்தைப் பற்றிய பயத்துக்கு இவ்வளவு தெளிவான பதில் இல்லை. அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை. 2012 மார்ச் 13ஆம் திகதி இரவு, வலே மாநிலத்தில் சியேர் நகருக்கு அருகே ஒரு சுரங்கப் பாதையில் பெல்ஜியப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்து சுவரில் மோதியது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 22 பேர் பிள்ளைகள். பனிச்சறுக்கு முகாம் முடிந்து, மகிழ்ச்சியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பெற்றோர் கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியையும் கேட்டிருந்தாலும் அந்த இரவைத் தடுத்திருக்க முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. இப்படியான நிகழ்வுகளைக் காட்டி, ஒரு வீதமே ஆபத்து இருந்தாலும் ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு என் பதில் இதுதான். அதே சாலைகளில், அதே இரவுகளில், நாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாரிசுக்கும் லண்டனுக்கும் கலியாண வீடுகளுக்கு ஓடுகிறோம். வேலை முடிந்த களைப்போடு தகப்பன்மார் விடிய விடிய வாகனம் ஓட்டுகிறார்கள். அந்த ஆபத்தை நாம் ஆபத்தாக எண்ணுவதில்லை, ஏனென்றால் பிள்ளை நம் கண்முன் இருக்கிறது. கண்முன் இருப்பது பாதுகாப்பு என்று மனம் கணக்குப் போடுகிறது; சாலை அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இங்கும் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு: தொடருந்தில் போகிறார்களா, பேருந்திலா, பேருந்தானால் பகலிலா இரவிலா, எல்லோருக்கும் ஆசனப்பட்டி உண்டா. அவற்றைக் கேட்டபின்னும் எஞ்சுவது, பிள்ளை பெற்ற எவருக்கும் எஞ்சும் பயம். அதைப் பூச்சியமாக்க ஒரு வழியும் இல்லை.

பதின்ம வயதுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை நம்மவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பதின்ம வயதினரையும் பெரியவர்களையும் ஒரு வாகன ஓட்ட விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். தனியாக விளையாடியபோது ஒரு மாதிரியும், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு மாதிரியும் அவர்கள் நடந்துகொண்டார்கள். கூட்டாளிகள் பார்க்கும்போது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து மிகவும் கூடியது. வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. இதைக் கேட்டவுடன், அப்படியானால் இருபது கூட்டாளிகளோடு மலைக்கு அனுப்புவது பைத்தியக்காரத்தனம் அல்லவா என்று தோன்றும். எனக்கு அந்த ஆய்வு எதிர்த்திசையைக் காட்டுகிறது. கூட்டாளிகள் பார்க்கும் உலகத்திலிருந்து பிள்ளையை நாம் எத்தனை ஆண்டு தள்ளிவைக்க முடியும்? பதினெட்டு வயதில் அவன் கையில் வாகனச் சாவி இருக்கும். சட்டப்படி பதினாறில் பியரும் பதினெட்டில் கடும் மதுவும் வாங்கலாம். கூட்டாளிகள் பார்க்க, தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் பழக்கம் அதற்குமுன் எங்காவது வந்தாக வேண்டும். பழக்குநர் முன்னால் போக, ஆசிரியர் பின்னால் வர, தலையில் கவசத்தோடு, நீலப் பாதையில் அது வருவது நல்லது. ‘எனக்கு இந்தப் பாதை கஷ்டம், நான் சுற்றி வருகிறேன்’ என்று நண்பர்களிடம் சொல்லக் கற்ற பிள்ளை, பின்னொரு நாள் குடித்தவன் ஓட்டும் வாகனத்தில் ஏற மறுக்கவும் கற்றிருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய பயத்தை நான் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பல லாகர்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோயின. பிள்ளைக்குச் சாமத்தியவீடு செய்யும் வயதும், லாகர்க் கடிதம் வரும் வயதும் ஒன்றையொன்று ஒட்டியவை. அண்ணன் போன முகாமுக்குத் தங்கையை விடாத வீடுகளை நான் அறிவேன். அந்தப் பெண் பிள்ளைகள் அந்த வாரம் வேறு வகுப்பில் போய் இருந்தார்கள். இங்கேயும் பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண், பெண் அறைகள் தனித்தனித் தளத்திலா, குளிக்குமிடம் எப்படி, இரவில் யார் விழித்திருப்பார், பெண் தலைவர் எத்தனை பேர், மாதவிடாய் வந்தால் பிள்ளை யாரிடம் போகலாம், தொந்தரவு நடந்தால் யாரிடம் சொல்லலாம், மது பிடிபட்டால் என்ன நடவடிக்கை: இவை ஒவ்வொன்றும் கேட்க உரிமையுள்ள கேள்விகள். சுவிஸ் பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்டால் ஆசிரியர் நம்மைப் பிற்போக்கானவர்கள் என்று நினைப்பார் என்ற கூச்சம் வேண்டாம். ஆனால் இத்தனைக்கும் திருப்தியான பதில் வந்தபின், ‘ஆட்கள் என்ன கதைப்பார்கள்’ என்ற ஒன்று மிஞ்சினால், அதை எந்த ஆசிரியரிடம் கேட்பது? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் பள்ளியில் இல்லை. அது பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றியதே அல்ல. மகனுக்கு ஆபத்தில்லாத மலை மகளுக்கு மட்டும் ஆபத்தாகிறது என்றால், நாம் அளந்துகொண்டிருப்பது மலையை அல்ல.

இந்த இடத்தில் ‘நம் பண்பாட்டில் பெண் பிள்ளையை வெளியில் தங்கவிடும் வழக்கம் இல்லை’ என்று சொல்லப்படும். யாழ்ப்பாணத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1824இல் தொடங்கினார்கள். தமிழ்க் குடும்பங்கள் தயங்கின, பிறகு அனுப்பின, தலைமுறை தலைமுறையாக அனுப்பின. விடுதியில் இருந்து படித்த பாட்டிமாரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அங்கே பிள்ளை ஒரு தவணை முழுவதும் வீட்டைப் பிரிந்திருந்தது. இங்கே கேட்பது ஒரு வாரம். வழக்கம் என்பது எப்போதும் இருந்த ஒன்று என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு காலத்துப் பெற்றோர் எடுத்த துணிவான முடிவுகளால் ஆனது.

இனி, கேள்வியாக மாற்ற முடியாத அந்தப் பெரிய பயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் பெற்றோரான நம்மில் பலர் 1980களிலும் 1990களிலும் தஞ்சம் கேட்டு வந்தவர்கள். முதலில் வந்தவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களும் உண்டு. அவர்களை அனுப்பிய தாய்மார் கையில் முகாம் வீட்டின் தொலைபேசி எண் இருக்கவில்லை. பயணமுகவரின் சொல் மட்டுமே இருந்தது. பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று அறிய மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஊரில் தங்கியவர்களோ சுற்றிவளைப்புகளைப் பார்த்தார்கள், வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பாத வீடுகளைப் பார்த்தார்கள். ‘ஐந்து நாளில் வந்துவிடுவேன், அம்மா’ என்று பதினான்கு வயதுப் பிள்ளை சொல்லும்போது, அந்தத் தலைமுறைத் தாயின் வயிற்றில் கிளம்புவது பனியைப் பற்றிய பயம் அல்ல. வாசலைத் தாண்டுவது என்றால் என்ன என்று அவள் கண்டவை கிளம்புகின்றன. இந்தப் பயத்தை எவரும் எள்ளக் கூடாது. சுவிஸ் ஆசிரியர் அதைப் புரிந்துகொள்ளாமல் ‘அளவுக்கு மீறிய பாதுகாப்பு’ என்று பெயர் வைப்பது தவறு. ஆனால் அந்தப் பயத்துக்கு உரியவர் நாம். பிள்ளைக்கு அதன் கதையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதற்கான விலையைப் பிள்ளையிடம் வாங்கக் கூடாது. நம்மை அனுப்பியவர்கள் சாவுக்குப் பயந்து அனுப்பினார்கள். நாம் விளையாட அனுப்புகிறோம். போய்விட்டுத் திரும்பி வருவது என்ற சாதாரண அனுபவம் நம் குடும்ப வரலாற்றில் அறுந்துபோயிருக்கிறது. அதை மறுபடி இணைக்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

பனிச்சறுக்கு நம் விளையாட்டா, அதைப் பழகி என்ன பயன் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அதே வாரத்தில் கணிதம் படிக்கலாம், சங்கீத வகுப்புக்குப் போகலாம் என்பார்கள். பிள்ளை சறுக்குவதில் தேறாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. முகாமின் பயன் பெரும்பகுதி மலைக்கு வெளியே நடக்கிறது: ஒரே மேசையில் சாப்பிடுவது, முறை வைத்துப் பாத்திரம் கழுவுவது, எட்டுப் பேர் படுக்கும் அறையில் மற்றவரின் நித்திரையை மதிப்பது, வகுப்பில் ஒருநாளும் பேசாதவனின் பக்கத்தில் லிஃப்டில் உட்கார்ந்து போவது. மற்றவர்கள் திரும்பி வந்து மாதக்கணக்கில் அதைப் பற்றியே கதைப்பார்கள். போகாத பிள்ளை அந்தக் கதைகளுக்கு வெளியே நிற்கும். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017 ஜனவரியில் பாசல் நகரத்து நீச்சல் வகுப்பு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தபோது இதையொட்டியே பேசியது. சமய காரணத்துக்காக மகள்மாரைக் கலப்பு நீச்சல் வகுப்பிலிருந்து விலக்கக் கேட்ட பெற்றோரின் மனுவை அது ஏற்கவில்லை. நீந்தக் கற்பதோடு, மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து அந்தச் செயலில் பங்கெடுப்பதும் பிள்ளையின் நலன் என்று அது பார்த்தது. அந்த வழக்கு முகாமைப் பற்றியதல்ல, சட்டக் கடமையும் வேறு. என்றாலும் அதன் அடியில் இருக்கும் எண்ணம் இங்கும் பொருந்தும். வேறு மொழி, வேறு நிறம், வேறு சாப்பாடு என்று ஏற்கெனவே ஒரு படி தள்ளி நிற்கும் பிள்ளைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு வாரம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மாட்டிறைச்சி வேண்டாம், மரக்கறி மட்டும் என்று படிவத்தில் எழுதினால் போதும். கறுத்துப்போவாள் என்று தடுப்பவர்கள், தோலின் நிறத்தைவிடக் கண்ணைப் பற்றிக் கவலைப்படட்டும். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கிறது. நல்ல கண்ணாடியும் களிம்பும் கட்டாயம் வேண்டும்.

பணம் உண்மையான தடை. அதைச் சொல்ல எவரும் வெட்கப்பட வேண்டாம். 2017 டிசம்பரில் சமஷ்டி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. அடிப்படைக் கல்வி இலவசம் என்று அரசியலமைப்பு சொல்வதால், கட்டாயப் பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் வாங்கக்கூடியது, பிள்ளை வீட்டில் சாப்பிடாததால் மிச்சமாகும் செலவு மட்டுமே. வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரை. இதைத் தெரியாமல், காசில்லை என்று சொல்லக் கூசி, ‘பிள்ளைக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. உடுப்பும் கட்டைகளும் வேறு செலவு. அவற்றை வாடகைக்கு எடுக்கலாம், கைமாறி வாங்கலாம், ஆசிரியரிடம் கேட்டால் பள்ளி உதவும் வழியும் பெரும்பாலும் இருக்கும். காப்புறுதியையும் பார்த்துவைக்க வேண்டும். வேலைக்குப் போகாத பிள்ளையின் விபத்துச் சிகிச்சை அடிப்படை மருத்துவக் காப்புறுதிக்குள் அடங்கும். ஆனால் மலையிலிருந்து மீட்டு வரும் செலவில் அது பாதியைத்தான் கொடுக்கும், அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்குக்கு மேல் இல்லை. உலங்கு வானூர்தி வர வேண்டியிருந்தால் மீதி நம் தலையில் விழலாம். மேலதிகக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்ப்பதும், 1952இல் தொடங்கிய ரேகா வான்மீட்பு அமைப்புக்குக் குடும்பமாக ஆதரவுச் சந்தா கட்டுவதும் இதற்காகத்தான். அதன் அவசர எண் 1414ஐப் பிள்ளையின் கைத்தொலைபேசியில் பதிந்துவிடலாம்.

அப்படியானால் எப்போதும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டுமா? இல்லை. கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வராத முகாமுக்குக் கையொப்பம் இடக் கூடாது. பிள்ளைக்கு வலிப்போ இருதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரின் சொல்லே இறுதி; போகலாம் என்றால் மருந்தும் எழுத்தில் அறிவுறுத்தலும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளையைத் துன்புறுத்தும் கூட்டம் இருந்தால், அதே கூட்டத்தோடு இரவும் பகலும் இருக்க விடுவதற்கு முன் பள்ளி அதைத் தீர்க்க வேண்டும். பிள்ளையே போக மறுத்தால் காரணத்தைக் கேட்க வேண்டும். வெட்கமோ, எடையோ, பணமோ, பகையோ அதன் அடியில் இருக்கும். இவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லும் ‘வேண்டாம்’. அதைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். காரணம் சொல்லாத ‘வேண்டாம்’ ஒன்றைத்தான் கற்பிக்கிறது: வீட்டில் கேட்பதைவிடச் சொல்லாமல் செய்வது நல்லது. பதினாறு, பதினேழில் வீட்டுக்குத் தெரியாமல் வெளியே போகும் பிள்ளையைப் பற்றி முறையிடும் பெற்றோர், பதின்மூன்றில் தெரிந்தே போக அனுமதித்தோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். போய் வந்து உண்மையைச் சொல்லும் பழக்கமும் போய் வந்துதான் வரும்.

கடைசியாக, பயம் தீராத பெற்றோருக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பள்ளி முகாம்கள் பல சொந்தமாகச் சமைக்கின்றன. ஆசிரியர்களோடு இரண்டு மூன்று பேர் சமையலுக்கென்று போகிறார்கள். பெற்றோரிலிருந்தும் ஊரவரிலிருந்தும் ஆள் தேடுவதுண்டு. இந்த நாட்டின் உணவகச் சமையலறைகளில் இருபது, முப்பது ஆண்டு உழைத்த தமிழர் எத்தனை பேர் இருக்கிறோம். ஐம்பது பேருக்குச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. விடுமுறை எடுக்க முடிந்தவர்கள் கையை உயர்த்தலாம். உங்கள் பிள்ளை வெட்கப்படுமென்றால் அடுத்த வகுப்போடு போகலாம். உள்ளே போனால், யார் இரவில் விழித்திருக்கிறார்கள், விழுந்த பிள்ளையை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதையெல்லாம் நம் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்ததைக் கோயிலில் மற்றத் தாய்மாருக்குச் சொல்லலாம். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அடுத்த கடிதங்களில் கையொப்பம் கேட்பவர்களாக அவர்களே இருப்பார்கள். அந்தக் கடிதம் வரும்போது, கேட்க வேண்டியதைக் கேளுங்கள், படிவத்தில் எடையைச் சரியாக எழுதுங்கள், பதில்கள் நிறைவாக இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரி ஒப்பமிடுங்கள்.